மூவிரல் குதிரையின் பல்லில் முதலில் அளக்க வேண்டியது உயரத்தை

கேள்வி இதுதான்: "இமயத்தின் தெற்கு ஓரத்திலுள்ள சிவாலிக் மலையடிவாரத்தில் கிடைத்த ஒற்றைப் பல்லைக் காட்டி, இது அழிந்துபோன மூன்று விரல் குதிரையுடையது, புல் மேய்ந்தது, நடுவயதில் செத்தது என்றெல்லாம் சொல்கிறார்கள். பல்லில் விரல் எப்படித் தெரியும்? இதில் எவ்வளவு அளந்து சொல்வது, எவ்வளவு ஊகம்?"

மாட்டுச் சந்தைக்குப் போய் வந்தவர்களுக்கு இதில் பாதி ஏற்கெனவே தெரியும். தரகர் மாட்டின் வாயைப் பிளந்து பார்த்து "ரெண்டு பல்லு", "நாலு பல்லு", "கடை சேர்ந்தது" என்று சொல்வது வயதைத்தான். தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்ற பழமொழியும் அந்தப் பழக்கத்தில் பிறந்ததுதான். புதைபடிவக் குதிரையிலும் வேலை அங்கேதான் தொடங்குகிறது. ஆனால் தரகருக்கு முழு வாயும் கிடைக்கிறது, பக்கத்தில் மாடும் நிற்கிறது. நமக்குப் பெரும்பாலும் கிடைப்பது தாடையிலிருந்து கழன்று, ஆற்று மணலில் உருண்டு, பாறையோடு இறுகிப்போன ஒரே ஒரு பல்.

அப்படிப்பட்ட மேல்தாடைக் கடைவாய்ப் பல் ஒன்றைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். சதுரமான சிறு தூண் போலிருக்கும். அரைக்கும் பரப்பு ஒரு பக்கத்துக்கு இரண்டு, இரண்டரை சென்டிமீட்டர் வரும். அதிகம் தேயாத பல்லானால் ஐந்தாறு சென்டிமீட்டர் உயரம் இருக்கும். கட்டைவிரல் நகத்தை அரைக்கும் பரப்பின் மேல் மெதுவாக இழுத்தால் நகம் தட்டித் தட்டி நிற்கும். தட்டுகிற அந்த மேடுகள் எனாமல். இடையிலுள்ள பள்ளங்களில் இருப்பது டென்டினும் சிமெண்டமும். அவை எனாமலைவிட மென்மையானவை என்பதால் முதலில் தேய்கின்றன. எனாமல் வயல் வரப்பு மாதிரி உயர்ந்து நிற்கிறது. மழுங்கிய அம்மியை ஆள் வைத்துக் கொத்த வேண்டும். குதிரையின் பல்லோ தேயத் தேயத் தன்னைத் தானே கொத்திக்கொள்ளும் அம்மி. புல்லிலுள்ள சிலிக்காவையும் அதில் ஒட்டிவரும் மண்ணையும் வாழ்நாள் முழுக்க அரைக்க வேண்டிய விலங்குக்கு இப்படி ஒரு ஏற்பாடு தேவைப்பட்டது.

அந்த எனாமல் வரப்புகள் ஒரு கோலம் போடுகின்றன. நடுவில் இரண்டு பிறை வடிவக் குளங்கள். அவற்றின் கரை நேராக ஓடாது, சேலைக் கொசுவம் போல மடிப்பு மடிப்பாக இருக்கும். நாக்குப் பக்கத்தில் ஒரு நீள்வட்ட வளையம் தனியாக நிற்கும். அதற்குப் புரோட்டோகோன் என்று பெயர். இன்றைய குதிரை, கழுதை, வரிக்குதிரை எல்லாவற்றிலும் அந்த வளையம் பல்லின் மற்ற பகுதியோடு ஒட்டிக்கொண்ட தீபகற்பம். ஹிப்பாரியன் என்று பொதுவாகச் சொல்லப்படும் மூவிரல் குதிரைகளில் அது தீவு. அந்தத் தீவைப் பார்த்துத்தான் "மூவிரல் குதிரை" என்கிறார்கள்.

ஆக, உங்கள் முதல் கேள்விக்கு நேர்மையான பதில்: பல்லில் விரல் தெரியாது. தீவு உள்ள பற்களும் மூன்று விரல் உள்ள கால்களும் ஒரே உடலில் சேர்ந்து கிடைத்த எலும்புக்கூடுகள் இருக்கின்றன. அந்தச் சேர்க்கையை முன்பே பார்த்திருப்பதால்தான் தனிப் பல்லிலிருந்து காலைச் சொல்ல முடிகிறது. அந்த எலும்புக்கூடுகளைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன் பல்லைப் படிப்பதில் இருக்கும் பெரிய ஆபத்தைச் சொல்லியாக வேண்டும்.

நான் சொன்ன கோலம் பல்லின் மேல் வரைந்த படம் அல்ல. தூணின் உள்ளே மேலிருந்து கீழ்வரை இறங்கும் எனாமல் சுவர்களின் வெட்டுமுகம் அது. பல் தேயும்போது வெட்டு கீழே இறங்குகிறது, கோலமும் மாறுகிறது. புதிதாக முளைத்த பல்லில் வளையங்கள் இன்னும் கூடியிருக்காது. கொஞ்சம் தேய்ந்த பிறகு கொசுவம் நிறைந்த முழுக்கோலம் வரும். முதுமையில் மடிப்புகள் ஒவ்வொன்றாகக் குறையும், பல்லின் நீளம் சுருங்கும், தீவு குறுகி வட்டத்தை நெருங்கும். அடிக்கட்டை வரை தேய்ந்துவிட்டால் சில பற்களில் தீவு கரையோடு ஒட்டியும் விடும். ஒரே குதிரையின் ஒரே பல்தான். ஐந்து வயதில் ஒரு முகம், பதினைந்து வயதில் இன்னொரு முகம்.

இதைப் படித்துத் தெரிந்துகொள்வது வேறு, கையால் தெரிந்துகொள்வது வேறு. தொடக்கத்தில் ஒரு தட்டு நிறைய தனிப் பற்களை வகைப்படுத்தும் வேலை எனக்குக் கிடைத்தது. கொசுவம் அதிகம், நடுத்தரம், குறைவு என்று மூன்று குவியலாகப் பிரித்தேன். மூன்று இனம் என்று முழு மனதோடு நம்பினேன், சீட்டும் எழுதினேன். பிறகு மேற்பார்வையாளர் எதுவும் சொல்லாமல் வெர்னியர் அளவுகோலைக் கையில் கொடுத்து ஒவ்வொரு பல்லின் உயரத்தையும் எழுதச் சொன்னார். எழுதி முடித்தபோது என் மூன்று இனங்களும் உயரப்படி வரிசையாக நின்றன. உயரமானவை எல்லாம் முதல் குவியலில், குட்டையானவை எல்லாம் மூன்றாவதில். நான் பிரித்தது இனத்தை அல்ல, வயதை. அன்றிலிருந்து ஒரு பல் கைக்கு வந்தால் கோலத்தைப் பார்ப்பதற்கு முன் உயரத்தை அளந்துவிடுகிறேன். கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வதும் இதைத்தான்.

ஒரே வாயிலேயேகூட இந்த வேறுபாடு இருக்கும். இன்றைய குதிரையில் முதல் பின்கடைவாய்ப் பல் ஏறக்குறைய ஒரு வயதில் முளைக்கிறது. அதற்கு முன்னால் ஒட்டி நிற்கும் நான்காவது முன்கடைவாய்ப் பல், பால்பல்லைத் தள்ளிக்கொண்டு வர ஏறக்குறைய நான்கு வயதாகிறது. ஆண்டுக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர் தேய்வு என்று வைத்தால் அடுத்தடுத்து நிற்கும் இரண்டு பற்களுக்கு நடுவில் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் தேய்வு வித்தியாசம். தாடையில் சேர்ந்திருந்தால் அண்டைவீட்டார். கழன்று தனித்தனியாகக் கிடைத்தால் வேறு வேறு குதிரை என்று சொல்லத் தோன்றும்.

19ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட ஹிப்பாரியன் இனப்பெயர்களில் பலவற்றின் குழப்பத்துக்கு இதுவே வேர். சிவாலிக் புதைபடிவங்களை 1830களில் பெருமளவில் திரட்டியவர்கள் ஹ்யூ ஃபால்கனரும் பிராபி காட்லியும். ஃபால்கனர் சஹாரன்பூர் தாவரவியல் தோட்டத்தின் கண்காணிப்பாளர், காட்லி கால்வாய்ப் பொறியாளர். 1837இல் இருவருக்கும் சேர்த்து லண்டன் புவியியல் சங்கத்தின் வொல்லாஸ்டன் பதக்கம் கிடைத்தது. அவர்களுக்குப் பின் வந்த ரிச்சர்ட் லைடெக்கர் 1877இல் சிவால்ஹிப்பஸ் தியோபால்டி என்று ஒரு மூவிரல் குதிரைக்குப் பெயர் வைத்தார். பெயருக்கு ஆதாரமாக அவர் வைத்த மாதிரி ஒரு குட்டியின் மேல்தாடைத் துண்டு. அதில் இருப்பவை பால்பற்கள். பால்பல் நிரந்தரப் பல்லைவிட அரைக்கும் பரப்பில் நீளமானது, உயரத்தில் குட்டையானது, கோலமும் வேறு. வளர்ந்த குதிரையின் பல்லை எடுத்துக்கொண்டு போய் "இது அந்த இனமா?" என்று அந்த மாதிரியோடு நேராக ஒப்பிடவே முடியாது. லைடெக்கரைக் குறை சொல்ல நான் இதைச் சொல்லவில்லை. கையில் இருந்ததை வைத்து அவர் வேலை செய்தார். ஆனால் சிவாலிக் குதிரைகளைப் படிக்கும் ஒவ்வொருவரும் இன்றும் அந்தக் குட்டியின் பால்பல்லைக் கடந்துதான் போக வேண்டியிருக்கிறது.

இதற்குத் தீர்வு என்ன? ஒப்பிடுவதானால் ஒரே உயரத்துப் பற்களை ஒப்பிட வேண்டும். அல்லது தேய்வால் அதிகம் மாறாத இடத்தில், வேருக்கு ஒரு சென்டிமீட்டர் மேலே, அளக்க வேண்டும். ஆளுக்கொரு இடத்தில் அளந்தால் ஒருவர் எண் இன்னொருவருக்குப் பயன்படாது. அதனால் 1981இல் நியூயார்க்கில் உள்ள அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் குதிரைப் புதைபடிவ ஆய்வாளர்கள் கூடி, மண்டையோடு, பல், கால் எலும்பு எல்லாவற்றுக்கும் பொதுவான அளவு முறையை வகுத்தார்கள். 1988இல் வேரா ஐசன்மான் முதலானோர் அதை அச்சில் கொண்டுவந்தார்கள். எந்த எலும்பில் எங்கே வெர்னியரின் வாயை வைப்பது என்று படம் போட்டுச் சொல்லும் கையேடு அது. வெளியே யாரும் பேசாத வேலை. இத்துறையில் மிகவும் மதிக்கத்தக்க வேலை என்று நான் நினைப்பதும் அதைத்தான்.

எந்தப் பல் என்பதையும் சொல்ல வேண்டும். வரிசையின் முதல் பல் முன்பக்கம் கூர்ந்த முக்கோணம், கடைசிப் பல் பின்பக்கம் ஒடுங்கும். இந்த இரண்டும் எளிது. நடுவில் உள்ள நான்கில் முன்கடைவாய்ப் பற்கள் சற்றுப் பெரியவை, சதுரமானவை. மூன்றாவதா நான்காவதா என்று அடித்துச் சொல்வது பல சமயம் முடியாது. கீழ்ப்பற்கள் ஒடுங்கியவை. ஆப்பிரிக்க ஹிப்பாரியன்களின் கீழ்ப்பற்களில் கன்னத்துப் பக்கம் ஒரு சிறு எனாமல் தூண் கூடுதலாக இருக்கும். அது கண்ணில் பட்டால் யூரிக்னாதோஹிப்பஸ் என்ற அங்கத்திய கிளையை நினைக்கலாம்.

இனி எலும்பு. முன்னங்கால் முட்டிக்குக் கீழே விரல் தொடங்கும் இடம் வரை நீளும் எலும்புதான் மூவிரல் குதிரையைப் படிப்பவருக்குத் தங்கம். சிவாலிக்கில் மான், ஆடு, மாட்டு வகைகளின் அதே எலும்பு ஏராளமாகக் கிடைக்கும், புதியவர்கள் குழம்புவார்கள். பார்க்க வேண்டியது கீழ்முனையை. மாட்டினத்தில் இரண்டு எலும்புகள் ஒட்டி ஒன்றானவை என்பதால் நடுவில் ஒரு கோடு ஓடும், கீழே இரண்டு உருளைகள் இருக்கும். குதிரையில் ஒரே உருளை, அதன் நடுவில் ஒரு முகடு. பிறகு எலும்பைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பாருங்கள். இரண்டு ஓரங்களிலும் சொரசொரப்பான தடம் நீளமாக இறங்கும். பக்கவிரல்களின் எலும்புகள் ஒட்டியிருந்த இடம் அது. இன்றைய குதிரையில் அந்தப் பக்க எலும்புகள் பாதிக்கு மேல் இறங்கி, ஊசிபோல் கூர்ந்து முடிந்துவிடுகின்றன. ஹிப்பாரியனில் கீழ்முனை வரை போய், அங்கே விரலைத் தாங்கும் மூட்டும் இருக்கும். விரல் எலும்பு ஒன்றுகூடக் கிடைக்காவிட்டாலும் அந்தத் தடத்திலிருந்து மூன்று விரலைச் சொல்லலாம். பல்லைவிட எலும்பு இந்தக் கேள்விக்கு நேரடிச் சாட்சி.

எலும்புக்கு இன்னொரு நன்மையும் உண்டு. வளர்ந்து முடிந்தபின் அது பல்லைப் போலத் தேய்ந்து முகம் மாறுவதில்லை. நீளம், நடுத்தண்டின் அகலம், மூட்டின் அகலம் ஆகியவற்றை அளந்து ஒரு பொது மாதிரியோடு மடக்கை விகிதமாக வரைந்தால், ஒல்லிக்கால் குதிரையும் கனத்த கால் குதிரையும் இரண்டு வேறு கோடுகளாகப் பிரியும். ஜார்ஜ் கேலார்ட் சிம்ப்சன் 1941இல் அறிமுகப்படுத்திய வரைபடம் இது. இன்றும் இதைத்தான் வரைகிறோம்.

ஆனால் ஒல்லிக்கால் எந்தப் பல்லுக்கு உரியது? ஒரே படுகையில் இரண்டு மூன்று வகைக் குதிரைகள் வாழ்ந்திருக்கும். தனிப் பற்கள் ஒரு பக்கம், தனி எலும்புகள் ஒரு பக்கம். எதை எதோடு சேர்ப்பது? எனக்கு இரவில் தூக்கம் கெடுத்த கேள்வி இனப்பெயர் அல்ல, இதுதான். இதற்கு விடை தருபவை முழு எலும்புக்கூடுகள் மட்டுமே. தெற்கு ஜெர்மனியில் ஹோவெனெக் என்ற இடத்தில் ஏறத்தாழ 1 கோடியே 3 லட்சம் ஆண்டு பழைய ஏரிப் படிவில், ஹிப்போதீரியம் பிரிமிஜீனியம் என்ற மூவிரல் குதிரையின் எலும்புகள் கோத்தது கோத்தபடி கிடைத்தன. 1950களில் தோண்டத் தொடங்கினார்கள். மண்டை, பல், கால், பக்கவிரல் எல்லாம் ஓருடலில். அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் ஆஷ்ஃபால் படுகை இன்னொன்று. சுமார் 1 கோடியே 20 லட்சம் ஆண்டுகளுக்கு முன் இன்றைய ஐடஹோ பகுதியில் ஓர் எரிமலை வெடித்துப் பறந்த சாம்பல், ஒரு நீர்நிலையைச் சுற்றியிருந்த காண்டாமிருகங்களையும் குதிரைகளையும் மூடியது. 1971இல் மைக்கேல் வூர்ஹிஸ் அதைக் கண்டார். அங்கே கார்மோஹிப்பாரியன் போன்ற மூவிரல் குதிரைகளோடு ப்ளையோஹிப்பஸ் என்ற ஒரு வகையும் கிடந்தது. அதில் சிலவற்றுக்குச் சிறு பக்கவிரல்கள் உண்டு, சிலவற்றுக்கு இல்லை. ஒரு விரல், மூன்று விரல் என்று நாம் போடும் கோட்டின் மேலேயே நின்ற கூட்டம் அது.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ஹிப்பாரியன் இன்றைய குதிரையின் பாட்டன் அல்ல. ஐரோப்பாவில் இருந்த புதைபடிவங்களை மட்டும் வைத்து 1870இல் தாமஸ் ஹக்ஸ்லி அதை நேர்வழியில் வைத்தார். 1876இல் அவர் யேல் பல்கலைக்கழகத்துக்குப் போய் ஓத்னியல் மார்ஷின் அமெரிக்கச் சேகரிப்பைப் பார்த்தபின் கருத்தை மாற்றிக்கொண்டார். குதிரைக் குடும்பத்தின் நீண்ட கதை நடந்தது வட அமெரிக்காவில். அங்கிருந்து ஏறத்தாழ 1 கோடியே 14 லட்சம் ஆண்டுகளுக்கு முன் பெரிங் நிலப்பாலம் வழியாக ஆசியாவுக்கு வந்த ஒரு பக்கக் கிளைதான் நம் ஹிப்பாரியன்கள். சிவாலிக் அடுக்குகளில் சுமார் 1 கோடியே 8 லட்சம் ஆண்டு மட்டத்தில் முதன்முதலாகத் தலைகாட்டுகின்றன. ஆப்பிரிக்காவில் ஏறத்தாழ 10 லட்சம் ஆண்டுகளுக்கு முன்புவரைகூட இருந்தன. இவ்வளவு நாள், இவ்வளவு நிலப்பரப்பில் வாழ்ந்த கூட்டத்தைப் "பாதி வழியில் நின்ற குதிரை" என்று சொல்வது எனக்கு ஒப்பவில்லை.

அவை எப்படி நடந்தன என்பதற்குத் தான்சானியாவின் லேட்டோலி சாட்சி. மனித மூதாதைகளின் காலடிகளுக்காகப் புகழ்பெற்ற, சுமார் 36 லட்சம் ஆண்டு பழைய அதே எரிமலைச் சாம்பல் தளத்தில் ஹிப்பாரியன் தடங்களும் இருக்கின்றன. 1984இல் எலிஸ் ரெண்டர்ஸ் அவற்றின் இடைவெளியையும் வரிசையையும் அளந்து, நான்கு கால்களும் தனித்தனியாகத் தரை தொடும் ஒருவகை விரைவு நடை என்று காட்டினார். ஐஸ்லாந்துக் குதிரைகள் இன்றும் நடக்கும் நடை அது. திபெத்தின் ஜாண்டா படுகையில் கிடைத்த 46 லட்சம் ஆண்டு பழைய எலும்புக்கூட்டின் கால்களும் திறந்த புல்வெளியில் ஓடும் விலங்கையே காட்டுகின்றன.

புல் மேய்ந்தது என்பதை எப்படிச் சொல்கிறார்கள் என்று கேட்டீர்கள். பல் உயரமாக இருப்பதால் புல் என்று முன்பு சொல்லிவிடுவார்கள். அது போதாது. இன்று எனாமலில் மெல்லிய கோடாகத் துளையிட்டுச் சில மில்லிகிராம் தூள் எடுத்து, அணுக்களை எடைப்படி பிரிக்கும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் கார்பன் ஐசோடோப்பு விகிதம், அதாவது எடை வேறுபட்ட கார்பன் அணுக்களின் விகிதம், பார்க்கிறார்கள். சோளம், கம்பு, கரும்பு போன்ற வெப்பமண்டலப் புற்கள் கார்பனைப் பிடிக்கும் வழி ஒன்று. மரம், செடி, நெல், கோதுமை பிடிக்கும் வழி வேறு. ஒரு பொது மாதிரியோடு ஒப்பிட்டால் முதல் வகையின் விகிதம் ஆயிரத்துக்கு மைனஸ் 13 அருகில், இரண்டாவது மைனஸ் 27 அருகில். எனாமலுக்குப் போகும்போது ஏறத்தாழ 14 கூடும். ஆகவே வெப்பமண்டலப் புல்லையே மேய்ந்த குதிரையின் பல் பிளஸ் 1 பக்கமும், மற்றதையே மேய்ந்தது மைனஸ் 13 பக்கமும் நிற்கும். சிவாலிக்கின் பழைய ஹிப்பாரியன் பற்கள் இரண்டாவது பக்கம் நிற்கின்றன. சுமார் 80 லட்சம் முதல் 60 லட்சம் ஆண்டுகளுக்கு இடையில் எண்கள் முதல் பக்கம் நகர்கின்றன. ஜே குவேட், தூரே செர்லிங் ஆகியோர் 1989இல் அங்கத்திய பழைய மண்ணில் கண்ட மாற்றமும் இதே காலத்தில்தான். உயரமான பல் அதற்கு வெகுமுன்பே வந்துவிட்டது. ஒரு எச்சரிக்கை: மைனஸ் 13 வந்தால் "புல்லே இல்லை, இலைதான்" என்று எழுதிவிடக் கூடாது. நெல்லும் புல்தான். அதனால் பல்முனைகள் கூராக இருக்கின்றனவா மழுங்கியா, எனாமலில் நுண்கோடுகளா குழிகளா என்று சேர்த்துப் பார்த்த பிறகே உணவைப் பற்றிப் பேச வேண்டும்.

பல்லின் எனாமல் மேலிருந்து கீழாக ஓராண்டுக்கு மேல் எடுத்து உருவாகிறது. மேலிருந்து அடிவரை வரிசையாகத் துளையிட்டு ஆக்சிஜன் ஐசோடோப்பைப் பார்த்தால், குதிரை குடித்த தண்ணீர் பருவத்துக்குப் பருவம் மாறியது அலையாக எழுந்து விழும். மழைக்காலமும் கோடையும் ஒரு தூணுக்குள். முதன்முறை அந்த அலையைத் திரையில் பார்த்த நாளை நான் மறக்கவில்லை.

இத்தனைக்கும் அடிப்படை, பல் எந்த அடுக்கில் கிடைத்தது என்பது. சீனத்தில் ஹிப்பாரியன் பற்கள் நெடுங்காலமாக "டிராகன் பல்" என்ற பெயரில் மருந்துக் கடைகளில் விற்கப்பட்டன. அப்படிக் கடைகளில் வாங்கிய தொகுப்பை வைத்து மாக்ஸ் ஷ்லோஸர் 1903இல் சீனத்தின் புதைபடிவப் பாலூட்டிகளைப் பற்றிப் பெரிய நூலே எழுதினார். அருமையான பற்கள். எந்த மலை, எந்த அடுக்கு என்பது போய்விட்டது. நம் பக்கம் குஜராத்தின் காம்பே வளைகுடாவிலுள்ள பிரம் (பெரிம்) தீவின் பெயரையே தாங்கிய சிவால்ஹிப்பஸ் பெரிமென்சிஸ் இருக்கிறது. நீங்கள் அந்தப் பக்கமோ சிவாலிக் ஓடைகளிலோ போய் ஒரு பல்லைக் கண்டால், எடுக்காமல் முதலில் இருந்த இடத்திலேயே படம் எடுங்கள், மேலும் கீழும் உள்ள பாறையைக் குறித்துக்கொள்ளுங்கள், ஆய்வாளர்களுக்குத் தெரிவியுங்கள்.

உங்கள் கேள்வியின் பல்லுக்கு வருவோம். தீவைப் பார்த்து ஹிப்பாரியன் வகை என்றது உறுதி. உயரத்தை அளந்து நடுவயது என்றது ஏறக்குறைய உறுதி, ஓரிரண்டு ஆண்டு முன்பின் இருக்கலாம். புல் என்றது ஐசோடோப்பு பார்த்துச் சொன்னதா, பல்லின் உயரத்தை மட்டும் பார்த்துச் சொன்னதா என்று கேளுங்கள். இனப்பெயர் சொல்லியிருந்தால் எந்த உயரத்துப் பல்லோடு ஒப்பிட்டார்கள் என்றும் கேளுங்கள். நான் என் தட்டில் முன்பு ஒட்டிய மூன்று இனப்பெயர்ச் சீட்டுகளையும் கிழித்துவிட்டு எழுதிய சீட்டுகளில் ஒன்று இப்படி இருந்தது: "ஹிப்பாரியன் வகை. வலப்பக்க மேல் பின்கடைவாய்ப் பல், முதலாவது அல்லது இரண்டாவது. உயரம் 34 மி.மீ."